ஐந்தில் மூன்று: அமெரிக்கச் சிறுவர் கற்கும் பின்னமும் வாசிப்பும் வரலாறும்

ஐக்கிய அமெரிக்காவின் ஆரம்பப் பாடசாலைகளில் எட்டு வயது தொடக்கம் பதினொரு வயது வரையான பிள்ளைகள் கற்கும் விடயங்களுள் மூன்று, அந்நாட்டின் கல்வியாளர்களை நீண்டகாலமாகக் கவலைக்குள்ளாக்கி வந்துள்ளன. கணிதத்தில் பின்னங்கள், மொழிப் பாடத்தில் கூர்ந்து வாசித்தல், சமூகக் கல்வியில் தமது நாட்டின் ஆரம்பகால வரலாறு என்பனவே அவை. கவலைக்குக் காரணமும் உண்டு. 2024ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய கல்வி முன்னேற்ற மதிப்பீட்டின்படி, அங்கு தரம் 4 மாணவருள் 100க்கு 40 பேர் வாசிப்பில் அடிப்படை மட்டத்தைத்தானும் எட்டவில்லை. 2022இல் தரம் 8 மாணவரிடையே நடத்தப்பட்ட வரலாற்று மதிப்பீட்டில் தேர்ச்சி மட்டத்தை அடைந்தோர் 100க்கு 13 பேர் மாத்திரமே.

இவற்றை மூன்று வெவ்வேறு நோய்களாகக் கருதி மூன்று வெவ்வேறு மருந்துகளைத் தேடுவதே அங்கு வழமையாக இருந்து வந்துள்ளது. எனினும், இம்மூன்று பாடங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே பயிற்சிதான் என்பது எமது கருத்து. கண்ணுக்குத் தெரியும் இலக்கத்தையோ சொல்லையோ அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அது எதனுடைய பங்கு, எதனைக் குறிக்கின்றது, யார் அதனை எழுதினார் என்று கேட்கும் பயிற்சியே அது. அமெரிக்க அரசியலமைப்பில் இடம்பெற்ற ஒரு பின்னத்தைக் கொண்டு இதனை விளக்கிவிட முடியும். அதற்கு முன்னர் மூன்று பாடங்களையும் தனித்தனியே நோக்குவோம்.

பின்னம் என்னும் தடைக்கல்

முழு எண்களுடன் மூன்று, நான்கு ஆண்டுகள் பழகிய பிள்ளைக்குப் பின்னம் ஒரு பெருங்குழப்பமாகவே அறிமுகமாகின்றது. 4 என்பது 3ஐ விடப் பெரியது என்று கற்ற பிள்ளை, 1/4 என்பது 1/3ஐ விடச் சிறியது என்பதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் இதில் தடுமாறுகின்றனர். 1980களில் அமெரிக்க உணவகத் தொடரொன்று, போட்டி நிறுவனத்தின் கால் இறாத்தல் இறைச்சிப் பணிசுக்கு எதிராக, அதே விலையில் மூன்றிலொரு இறாத்தல் பணிசை அறிமுகம் செய்தது. அது விலைபோகவில்லை. மூன்று நான்கிலும் சிறியது என்பதால், அதே விலைக்குக் குறைந்த இறைச்சி என்றே வாடிக்கையாளர் பலர் எண்ணிவிட்டனர் என அந்நிறுவனத்தின் உரிமையாளராக விளங்கிய அல்பிரட் டோப்மன் தமது நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

1978ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. 12/13, 7/8 ஆகிய இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும்? விடையாக 1, 2, 19, 21 என்னும் நான்கு எண்கள் தரப்பட்டிருந்தன. இரு பின்னங்களும் ஏறக்குறைய ஒன்று என்பதை உணர்ந்தால் விடை 2 என்பது வெளிப்படை. ஆயினும் 100க்கு 24 பேரே அதனைத் தெரிவு செய்தனர். அரைப்பங்கிற்கும் மேற்பட்டோர் 19ஐ அல்லது 21ஐத் தெரிவு செய்தனர். அதாவது, மேலுள்ள எண்களை ஒன்றாகவும் கீழுள்ள எண்களை ஒன்றாகவும் கூட்டி வைத்தனர். பின்னம் என்பது ஒரு தனி எண் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர் நிலையும் ஆராயப்பட்டது. 1999இல் வெளிவந்த தமது நூலில் லிபிங் மா என்னும் ஆய்வாளர், ஒன்றேமுக்காலை அரையால் வகுக்குமாறு 23 அமெரிக்க ஆசிரியரிடமும் 72 சீன ஆசிரியரிடமும் கேட்டதை விவரித்துள்ளார். சீன ஆசிரியர் அனைவரும் சரியான விடையைத் தந்தனர். அமெரிக்க ஆசிரியருள் 9 பேரே தந்தனர். தலைகீழாக்கிப் பெருக்கு என்னும் சூத்திரத்தை மனனம் செய்தவர், ஒன்றேமுக்காலுக்குள் எத்தனை அரைகள் உள்ளன என்ற எளிய கேள்வியை அதனுள் காணத் தவறினர்.

மொழியும் ஓரளவு காரணமாகின்றது. ஆங்கிலத்தில் 'மூன்றாவது' என்பதற்கும் 'மூன்றிலொரு பங்கு' என்பதற்கும் ஒரே சொல்தான் உண்டு. அத்துடன் மேலுள்ள எண்ணே முதலில் வாசிக்கப்படுகின்றது. தமிழிலோ 'ஐந்தில் மூன்று' என்னும்போது முழுமை எத்தனையாகப் பிரிக்கப்பட்டது என்பது முதலிலும், அதில் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது அடுத்தும் வருகின்றன. அரை, கால், அரைக்கால், வீசம் எனத் தனிப் பெயர்களையும் எம் முன்னோர் எண்சுவடியில் வைத்திருந்தனர். இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தின் ஆறிலொன்றும் எட்டிலொன்றும் இன்றும் குடும்பங்களின் காணிகளையும் வீடுகளையும் பிரித்துக் கொடுக்கின்றன. பின்னம் என்பது எப்போதுமே பங்கீட்டின் மொழியாகவே இருந்து வந்துள்ளது.

2010இல் வெளியிடப்பட்டு, 40க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொதுக் கல்வி நியமங்கள் இக்குறையைத் தீர்க்க முனைந்தன. வட்டமான பலகாரத்தைத் துண்டுகளாக வெட்டிக் காட்டுவதுடன் நின்றுவிடாது, தரம் 3இலேயே எண்கோட்டில் பின்னத்தின் இடத்தைக் குறிக்கப் பிள்ளை பழக்கப்படுகின்றது. பூச்சியத்திற்கும் ஒன்றிற்கும் இடையிலான தூரத்தை ஐந்து சம பங்குகளாக்கி, அதில் மூன்று பங்கு நடந்தால் 3/5. இவ்வாறு கற்ற பிள்ளைக்கு 3/5 என்பது இரண்டு எண்களாகத் தோன்றாது. கோட்டில் ஒரேயோர் இடத்தில் நிற்கும் ஓர் எண்ணாகவே தோன்றும். ரொபர்ட் சீக்லரும் சக ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதன் முக்கியத்துவத்தை உணர்த்துகின்றது. பத்து வயதளவில் பின்னத்திலும் வகுத்தலிலும் பிள்ளைக்கு இருந்த அறிவு, ஐந்தாறு ஆண்டுகளின் பின்னர் உயர்பாடசாலைக் கணிதத்தில் அது பெற்ற அடைவை எதிர்வுகூறியது. குடும்ப வருமானத்தையும் பொது நுண்ணறிவையும் கணக்கிலெடுத்த பின்னரும் இத்தொடர்பு நிலைத்தது.

கூர்ந்து வாசித்தல்

ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கு நிற்கின்றது என ஆராய்வதே கூர்ந்து வாசித்தல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட நூலும், கிளியந்த் புரூக்ஸ், ரொபர்ட் பென் வாரன் ஆகியோர் 1938இல் அமெரிக்க மாணவருக்காகத் தயாரித்த கவிதைப் பாடநூலும் இம்முறைக்கு வழிகோலின. பல்கலைக்கழக இலக்கிய வகுப்புக்குரியதாயிருந்த இம்முறையை, 2010இன் நியமங்கள் ஆரம்ப வகுப்புகளுக்கும் கொண்டுவந்தன. முதல் வாசிப்பில் என்ன சொல்லப்படுகின்றது என்பதும், இரண்டாம் வாசிப்பில் எவ்வாறு சொல்லப்படுகின்றது என்பதும், மூன்றாம் வாசிப்பில் எதற்காகச் சொல்லப்படுகின்றது என்பதும் கேட்கப்படும். விடை கூறும் பிள்ளை, அந்த விடைக்கு ஆதாரமான வரியைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

இம்முறைக்கு எதிராக எழுந்த விமர்சனத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். பின்னணி அறிவு இல்லாத பிள்ளைக்கு ஒரு பகுதியை நூறு தடவை வாசித்தாலும் பயனில்லை என்பதே அது. 1988இல் டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்றில், தரம் 7, 8 மாணவர் 64 பேருக்கு பேஸ்போல் ஆட்டமொன்றின் வர்ணனை வாசிக்கக் கொடுக்கப்பட்டது. வாசிப்பில் பின்தங்கியவராயினும் அவ்வாட்டத்தை அறிந்த மாணவர், வாசிப்பில் சிறந்தும் ஆட்டத்தை அறியாத மாணவரை விட நன்கு விளங்கிக்கொண்டனர். கிரிக்கெட் அறியாத ஒருவர் எமது பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசிக்கும் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் உண்மை புலப்படும்.

இந்த இடத்திலேயே வரலாறு வந்து சேர்கின்றது. 2002இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் வாசிப்பையும் கணிதத்தையும் ஆண்டுதோறும் பரீட்சித்தது. பரீட்சைக்கு வராத வரலாறும் சமூகக் கல்வியும் பல ஆரம்பப் பாடசாலைகளில் நேரசூசியின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டன. வாசிப்பை உயர்த்துவதற்காக வாசிப்பு நேரத்தைக் கூட்டி, வரலாற்று நேரத்தைக் குறைத்தனர். ஆனால் ஃபோர்டம் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாளாந்தம் அரை மணி நேரம் கூடுதலாகச் சமூகக் கல்வி கற்ற பிள்ளைகளே தரம் 5 அளவில் வாசிப்பில் முன்னேறியிருந்தனர். மொழிப் பாடத்திற்கு ஒதுக்கிய மேலதிக நேரம் அத்தகைய பலனைத் தரவில்லை. இது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றிக் காரணத்தை நிறுவும் பரிசோதனையன்று. எனினும் 1988இன் ஆய்வுடன் சேர்த்து நோக்குகையில், இதனைப் புறந்தள்ளிவிட முடியாது.

விழாக் கதையும் மூலக் கடிதமும்

ஆரம்பகால வரலாற்றை அமெரிக்கச் சிறுவர் பெரும்பாலும் கதையாகவே முதலில் சந்திக்கின்றனர். 1620இல் மேபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலக் குடியேறிகளும் பூர்வீக மக்களும் ஒன்றாக அமர்ந்து வான்கோழி உண்டு நன்றி செலுத்தினர் என்ற கதை, நவம்பர் மாதந்தோறும் வகுப்பறைகளில் நடிக்கப்பட்டு வந்தது. இவ்விருந்தை நேரில் கண்ட எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசெம்பரில் எழுதிய கடிதத்தில் அதைப் பற்றிய பகுதி சில வாக்கியங்களே. அப்பகுதியைப் பத்து வயதுப் பிள்ளையும் கூர்ந்து வாசிக்கலாம். அதில் வான்கோழி என்ற சொல் இல்லை. பறவைகள் வேட்டையாடப்பட்டன என்றே உண்டு. தலைவர் மசசோய்ட் ஏறத்தாழ 90 ஆண்களுடன் வந்தார், மூன்று நாட்கள் விருந்து நடந்தது, அவர்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்தனர் என்றும் உண்டு.

வந்திறங்கிய 102 பயணிகளுள் ஏறக்குறைய அரைப்பங்கினர் முதலாண்டிலேயே மாண்டுபோயினர். அப்படியாயின் விருந்தில் பெரும்பான்மையினர் யார்? விருந்தாளிகளாகப் படத்தில் ஓரமாக வரையப்படும் வம்பனோக் மக்களே. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அம்மக்களின் கிராமங்களை வெறுமையாக்கியிருந்ததையும், மசசோய்டின் மகன் மெட்டகொம் 1675இல் அதே குடியேறிகளின் பிள்ளைகளுடன் போரிட நேர்ந்ததையும் அறியும் பிள்ளைக்கு, அந்த விருந்து வேறொரு பொருளைத் தரத் தொடங்கும். கதை அழிந்துவிடுவதில்லை. அதன் முன்னும் பின்னும் தெரிய வருகின்றது.

மூன்றும் சந்திக்கும் இடம்

1776இன் சுதந்திரப் பிரகடனம் மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று கூறியது. அதனை வரைந்த தோமஸ் ஜெபர்சன் தமது வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பந்தியும் இறுதிப் பிரதியிலிருந்து நீக்கப்பட்டது. பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை வரைந்தோர் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களின் ஆசனங்கள் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுமாயின், வாக்குரிமையோ வேறெந்த உரிமையோ இல்லாத அடிமைகளை எண்ணுவதா, விடுவதா?

அவர்கள் எட்டிய உடன்பாடே 'ஐந்தில் மூன்று'. சுதந்திரமான ஆட்களின் தொகையுடன் 'ஏனைய ஆட்கள் அனைவரினதும்' ஐந்தில் மூன்றைச் சேர்க்க வேண்டும் என்றும், வரி செலுத்தாத இந்தியரை விலக்க வேண்டும் என்றும் முதலாம் உறுப்புரை கூறியது. நேரடி வரிக்கும் அதுவே அளவுகோல். 'அடிமை' என்ற சொல் அவ்வாசகத்தில் எங்கும் இல்லை என்பதைக் கூர்ந்து வாசிக்கும் பிள்ளை கண்டுகொள்ளும். எழுதக் கூசிய சொல்லை எண்ணத் தயங்கவில்லை என்பதும் அதற்கு விளங்கும்.

கணித ஆசிரியர் கேட்கும் கேள்வி இங்கு இன்றியமையாதது: எதனுடைய ஐந்தில் மூன்று? 'ஒரு கறுப்பின மனிதர் ஐந்தில் மூன்று மனிதராகக் கருதப்பட்டார்' என்று பலரும் கூறுவர். வாசகமோ அடிமைகளின் மொத்தத் தொகையின் ஐந்தில் மூன்று என்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாத பிள்ளை, ஐந்தில் ஐந்தும் எண்ணப்பட்டிருந்தால் நீதி கிடைத்திருக்கும் என எண்ணிவிடும். உண்மையோ நேரெதிரானது. முழுமையாக எண்ண வேண்டும் என வாதாடியோர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த மாநிலத்தவர். எண்ணவே கூடாது என வாதாடியோர் பெரும்பாலும் வட மாநிலத்தவர். எண்ணப்பட்டோரின் பெயரால் கிடைத்த ஆசனத்தில் அமர்ந்தவர் அவர்களின் எசமானரே.

இதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். 1790ஆம் ஆண்டின் முதலாவது குடிசன மதிப்பீட்டில் வேர்ஜீனியாவில் இருந்தோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 47 ஆயிரம் பேர். அவர்களுள் அடிமைகள் 2 இலட்சத்து 92 ஆயிரம். சுதந்திரமானோர் 4 இலட்சத்து 55 ஆயிரம். பென்சில்வேனியாவில் சுதந்திரமானோர் ஏறத்தாழ 4 இலட்சத்து 31 ஆயிரம். அடிமைகள் 4 ஆயிரத்திற்கும் குறைவு. 1792இல் 33 ஆயிரம் பேருக்கு ஓர் ஆசனம் என வகுத்து, மீதியை விட்டுவிடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது.

அடிமைகளை எண்ணாதுவிட்டால் வேர்ஜீனியாவுக்கு 13 ஆசனங்கள். பென்சில்வேனியாவுக்கும் 13. அடிமைகளின் ஐந்தில் மூன்று, அதாவது ஏறத்தாழ 1 இலட்சத்து 75 ஆயிரத்தைச் சேர்த்தால் வேர்ஜீனியாவின் தொகை 6 இலட்சத்து 30 ஆயிரமாகி, ஆசனங்கள் 19 ஆகின்றன. முழுமையாக எண்ணியிருந்தால் 22 ஆகியிருக்கும். பென்சில்வேனியாவுக்கோ மூன்று வழிகளிலும் 13 தான். உண்மையில் வழங்கப்பட்டவையும் 19, 13 என்பனவே. வேர்ஜீனியா பெற்ற மேலதிக ஆறு ஆசனங்களும் ஒரு பின்னத்தின் விளைவு. ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் வாக்காளர் தொகையும் இவ்வாசனங்களைப் பொறுத்ததே என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும்.

வகுத்தலில் எஞ்சும் மீதியை என்ன செய்வது என்பதும் அப்போது பெருஞ்சர்ச்சையானது. மீதி பெரிதாக உள்ள மாநிலங்களுக்கு மேலதிக ஆசனம் வழங்கும் சட்டமூலத்தை அலெக்சாண்டர் ஹமில்ட்டன் ஆதரித்தார், ஜெபர்சன் எதிர்த்தார். ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1792 ஏப்ரல் 5ஆம் திகதி அதனை நிராகரித்தார். அமெரிக்க வரலாற்றின் முதலாவது வீட்டோ, ஆரம்ப வகுப்பில் நாம் கற்கும் 'மீதி' பற்றியது என்பது பலரும் அறியாத செய்தி. எமது மாவட்ட விகிதாசாரத் தேர்தல் முறையில் எஞ்சும் ஆசனங்கள் கூடிய மீதி வாக்குகளைக் கொண்ட கட்சிகளுக்குச் செல்வதை அறிந்த வாசகர்களுக்கு, ஹமில்ட்டனின் முறை புதியதன்று.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868இன் 14ஆவது திருத்தம் ஐந்தில் மூன்றை நீக்கி, ஆட்களை முழுமையாக எண்ணச் செய்தது. எனினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுள் பெரும்பாலானோருக்கு 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை வாக்களிக்க வழியிருக்கவில்லை. எண்ணப்படுவது வேறு, வாக்களிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

பாடத்தின் பெறுமதி

இவ்வளவும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றதா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தரம் 5இலேயே இவ்வரலாற்றைக் கற்பிக்கின்றன. பின்னத்தால் முழு எண்ணைப் பெருக்குவதும் தரம் 4, 5இலேயே வருகின்றது. ஆகவே கணக்கும் வாசிப்பும் பிள்ளையின் வலுவுக்குட்பட்டவையே. அடிமைகளாக நடிக்கச் செய்தல் போன்ற, பிள்ளையைப் புண்படுத்தும் முறைகள் இதற்குத் தேவையில்லை. மூலவாசகமும், ஓர் அட்டவணையும், பொறுமையான ஆசிரியரும் போதும்.

தடை வேறிடத்திலிருந்து வருகின்றது. 2021 முதல் ஒக்லஹோமா, டெக்சாஸ், டென்னசி உள்ளிட்ட பல மாநிலங்கள் இனம் பற்றிப் பாடசாலையில் எதனைக் கூறலாம் என்பதைச் சட்டத்தால் வரையறுத்தன. அத்தகைய விவாதமொன்றில், 2021 மே மாதம், டென்னசி சட்டசபை உறுப்பினர் ஒருவர் ஐந்தில் மூன்று உடன்பாடு அடிமைமுறையை முடிவுக்குக் கொண்டுவரும் நோக்குடையது என வாதிட்டார். முழுமையாக எண்ணப்படாததால் தென் மாநிலங்களின் பலம் குறைந்தது என்பது அவர் வாதம். அதில் அரைவாசி உண்மை உண்டு. 22க்குப் பதில் 19. ஆனால் 13க்குப் பதில் 19 என்ற மற்றைய அரைவாசி மறைந்துவிடுகின்றது. எந்த வாதத்தையும் நம்புவதற்கு முன் கணக்கைச் செய்து பார்க்கத் தெரிந்த ஒரு தரம் 5 மாணவி, அந்தச் சபையிலிருந்த பலரை விடத் தெளிவாக இதனை விளக்கியிருப்பாள்.

வரலாற்றுப் பாடநூலில் தமக்குரிய பங்கு எவ்வளவு என்ற கேள்வி இந்நாட்டின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கும் அந்நியமானதன்று. பாடநூலைத் திருத்துமாறு கோருவது பெரியவர்களின் கடமை. அது தொடர வேண்டும். ஆனால் திருத்தம் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பின்னத்தை ஓர் அறையிலும், கிரகித்தலை இன்னோர் அறையிலும் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள், வாரத்தில் ஒரு பாடவேளையை இரண்டும் சந்திப்பதற்கு ஒதுக்கலாம். ஒரு குடிசன மதிப்பீட்டு அட்டவணையையோ, ஒரு பழைய சட்டத்தின் வாசகத்தையோ முன்வைத்து, எதனுடைய பங்கு, யார் எண்ணப்பட்டார், யார் விடப்பட்டார் என்று கேட்கலாம். அக்கேள்விகளைப் பத்து வயதில் பழகிய பிள்ளை, பின்னர் எந்தப் பாடநூல் கையில் கிடைத்தாலும் அவற்றைக் கேட்காமல் விடாது.